மரவள்ளிக் கிழங்குக்கு நாடி பார்த்தவர்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் சாமிக்குப் பயப்படாத டிரைவர்கள் உண்டு. போலீசுக்குப் பயப்படாதவர்கள் நிறையவே உண்டு. பெண்டாட்டிக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள், நான் பார்த்ததில்லை. ஆனால் காலிவண்டியாருக்குப் பயப்படாத டிரைவர் இந்தப் பக்கம் இனிமேல் பிறந்தால்தான் உண்டு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கும். அது அவருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். எங்களுக்கெல்லாம் அவர் காலிவண்டியார். லாரி எடைமேடையில் எடை போடுவது அவர் வேலை. ரோட்டோரமாக, தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புப் பலகை. லாரி அதன்மேல் ஏறி நின்றால் பக்கத்து அறையில் இருக்கிற பெட்டியில் சிவப்பு எண்ணில் எடை தெரியும். முதலில் காலி வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் சரக்கு ஏற்றி வந்து பார்க்க வேண்டும். பின்னதில் முன்னதைக் கழித்தால் மிச்சம் சரக்கு. தொழில் இவ்வளவுதான். இந்த இவ்வளவை அவர் வேதமாக்கிக்கொண்டார். எந்த மனுசன் வந்தாலும், எந்தப் பேச்சு வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. காலி வண்டி எடை போட்டாச்சா?"

மேடைக்கு அந்தப் பக்கம் அவர் அறை. இந்தப் பக்கம் என் இட்லிக் கடை. வீட்டுக்காரர் போன பிறகு போட்ட கடை. நான் வாயைத் திறந்து பேசுகிறவள் இல்லை. இட்லிச் சட்டி ஆவிக்குப் பின்னால் நின்றுகொண்டால் பேச வேண்டிய தேவையும் இல்லை. ஆவிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

மேடையில் லாரி ஏறினால் டிரைவர் இறங்க வேண்டும், கிளீனர் இறங்க வேண்டும், தண்ணீர் டிரம் இறங்க வேண்டும். ஆறுமுகம் என்று ஒரு டிரைவர், ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு அடிக்கிறவன். ஒரு நாள் கடுப்பாகி, "ஏனுங்ண்ணா, சாமி படத்தையும் எறக்கீட்டு வரட்டுங்களா?" என்று கேட்டான்.

காலிவண்டியார் யோசித்தே பதில் சொன்னார். "வேண்டாம். சாமி காலி எடையிலயும் இருந்தாரு, லோடு எடையிலயும் இருக்காரு. கழிச்சா அவரு கணக்குல வர மாட்டாரு. நீ எறங்கு."

அவர் மகள் மேகலாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். வருகிற வழியிலேயே வேனை மேடையில் ஏற்றி எடை போட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பலகாரம், காபி, வெற்றிலை பாக்கு எல்லாம் முடிந்து, "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றமுங்க" என்று கிளம்பினவர்களைத் திரும்பவும் மேடையில் ஏற்றினார். ஏற்றிவிட்டுச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் நின்று கத்தினார்: "இருவது கிலோ தின்னுபோட்டு, இன்னும் என்னத்தைக் கலக்கறது? இப்பவே சொல்லீட்டுப் போங்க!" பயத்தில் அங்கேயே சம்மதம் சொன்னார்கள். மேகலா அப்படித்தான் கல்யாணமாகிக் கனடா போனாள்.

சரி, சாமிக்காவது விட்டுக் கொடுப்பாரா என்றால் அதுவும் கிடையாது. கோயிலில் ஒரு பெரிய மனுசர் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கத் தராசில் உட்கார்ந்தார். காலிவண்டியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "பாக்கெட்ல இருக்கற போனை எடுங்க" என்றார். பூசாரிக்கு வந்ததே கோபம். "யோவ், போன் இருந்தா சாமிக்குத்தானய்யா வெல்லம் கூடப் போகுது?"

"சாமிக்குக் கூடப் போனாலும் பொய் எடை பொய் எடைதானுங்க."

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு நாள் அவருடைய மேடையே சாய்த்துப் போட்டது. அன்றைக்குக் கிழங்கு சீசன். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். ஆறுமுகம் அறைக்குள் எடைச் சீட்டுக்காகக் காத்திருந்தான். மேடையில் லாரி எதுவும் இல்லை. பெட்டியில் மட்டும் எழுபது கிலோ என்று காட்டியது. "இதென்ன பேய் வந்து நிக்குதா?" என்று வெளியே எட்டிப் பார்த்தால், காலிவண்டியார் இரும்புப் பலகை நடுவில் மல்லாந்து கிடக்கிறார். நான் சொம்புத் தண்ணீரோடு ஓடினேன். முகத்தில் அடித்ததும் கண்ணைத் திறந்தார். திறந்தவர் கேட்டது என்ன தெரியுமா?

"எவ்வளவு காட்டுச்சு?"

"எழுவது."

"போன மாசம் எழுவத்தி அஞ்சு. சரக்கு எங்கியோ ஒழுகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மயங்கிவிட்டார்.

ரத்தக் கொதிப்பு, இதயத் துடிப்பும் ஒரு சீராக இல்லை, மாத்திரை போட வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நடக்கிறதா! கூப்பிடு தூரத்தில் இருக்கிற என் கடைக்கே மொபெட்டில் வருகிற மனுசர் அவர்.

சேதி கனடாவுக்குப் போயிற்று. மேகலா போனில் அழுதாள். அழுது முடித்து அதிகாரம் பண்ணினாள். "அப்பா, அம்மாவும் இல்ல. தனியா விழுந்து கெடந்தா ஆரு பாக்கறது? டிக்கெட் போடறேன், இங்க வந்துருங்க. மேடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவர் முன்னமே ஒரு தடவை கனடா போய் வந்தவர். ஊர் எப்படி என்று ஆறுமுகம் கேட்டதற்கு, "ஊரு நெம்ப சுத்தமப்பா. ஆனா எடை போடறதுக்கு ஒண்ணுமே இல்ல. பனிதான் கொட்டுது. அதையும் காத்தால வாரி வீசிர்றாங்க, எடை போடாமயே!" என்று தலையில் அடித்துக்கொண்டவர். அங்கே நிரந்தரமாகப் போவதென்றால் அவருக்கு உயிரோடு காரியம் பண்ணுகிற மாதிரி.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நடந்தார், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எப்படித் தூங்கினார் என்று அது மேகலாவின் போனுக்குச் சொல்லும். கணக்கு நன்றாக இருந்தால் நாமக்கல். மோசமாக இருந்தால் கனடா.

கனடாவிலிருந்து கடிகாரம் வந்தது. கறுப்பாக, வழவழவென்று, கண்ணாடி மாதிரி. அதன் விலையைக் கேட்டு அவர் என் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மணி, ஒரு கறவை எருமையைக் கையில கட்டீட்டுச் சுத்தற மாதிரி இருக்குதுங்க. எருமையாச்சும் பால் கறக்கும்."

இதைக் கேள்விப்பட்டுச் சேலத்திலிருந்து அவர் தங்கச்சி மகன் குமரேசன் ஓடி வந்தான். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறவன். அவன் கையில் இன்னொரு கடிகாரம். உள்ளூர்ச் சரக்கு. நாலு நாட்டுக்கோழி விலைதான்.

"மாமா, அதுல இருக்கறதெல்லாம் இதுலயும் இருக்குது. எதுக்கு வெளிநாட்டுக்காரனுக்குக் கொட்டி அழுவோணும்? அதைத் திருப்பி அனுப்பீருங்க."

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. ரெண்டையும் எடை போட்டுப் பாத்துர்லாம்."

குமரேசன் அதையும் மேகலாவின் போனோடு இணைத்துக் கொடுக்க, கைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டார். வெளிநாட்டுக் கடிகாரம் வலது கையில். "வெளியூர்ல இருந்து வந்த ஒறம்பரையில்ல, விருந்தாளியைச் சோத்தாங்கையிலதான் கட்டோணும். உள்ளூர்ப் பையன் பீச்சாங்கையிலயே கெடக்கட்டும்."

அங்கேதான் வினை பிடித்தது. எடை போட்டு முடிந்தால் லாரியின் பக்கப் பலகையில் வலது கையால் ஓங்கி இரண்டு அறை அறைந்து "ரைட்!" சொல்வது அவர் வழக்கம். எடைமேடைக்காரர் எல்லாருக்கும் அது பழக்கம்தான். இவர் அறை கொஞ்சம் கூடுதல், கிளீனர் பையன்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒறம்பரைக் கடிகாரத்துக்கு இது தெரியுமா? மனுசன் கீழே விழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ஊளையிட்டது. இவர் அதை எப்படி நிறுத்துவது என்று தடவிக்கொண்டிருக்கும்போதே மகளைக் கூப்பிட்டும் விட்டது. இங்கே பகலென்றால் அங்கே ராத்திரி. தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்தாள் மேகலா.

"அப்பா! விழுந்துட்டீங்களா?"

"இல்ல சாமி. லாரி போச்சு."

ஒரு லாரிக்கு ஒரு தடவை அவர் விழுந்தார். கனடாவில் படுத்த படுக்கையிலேயே நாமக்கல் லாரி நிலவரம் முழுவதும் மேகலாவுக்கு அத்துப்படியாயிற்று. "இன்னைக்கு ஏனுங்கப்பா, லோடு கம்மியா? ரெண்டே தடவைதான் விழுந்தீங்க" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

உள்ளூர்க் கடிகாரம் அப்படியெல்லாம் மனசைப் புண்படுத்தாது. தங்கமான பிள்ளை. கரண்டு போன நேரம் அவர் இடது கையால் விசிறினால், நடந்தார் என்று எழுதிக்கொண்டது. தலையைச் சொறிந்தால் இன்னும் கொஞ்சம் நடந்தார். ஈ விரட்டினால் ஓட்டப் பந்தயமே ஓடினார். நாற்காலியை விட்டு எழாமலே சாயங்காலத்துக்குள் ராசிபுரம் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டுக் கடிகாரமோ ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் "எழுந்திரு" என்று கையைக் கிள்ளியது. இவரும் ஆபீசரைக் கண்ட மாதிரி எழுந்து நின்று, சுற்றிப் பார்த்து, உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்ந்தால் அதற்குச் சார்ஜ் வேறு போட வேண்டும். "எருமைக்குத் தவுடு வெக்கற நேரமாச்சுங்க அம்மணி" என்று கிளம்பிவிடுவார்.

மேகலாவுக்குத் தலை சுற்றியது. "அப்பா, எனக்கு இப்ப ரெண்டு அப்பா இருக்காங்க. ஒரு அப்பா ராசிபுரம் வரைக்கும் நடந்துட்டு வந்துட்டாரு, நெஞ்சு எழுவத்திரண்டுல கல்லாட்டம் இருக்குது. இன்னொரு அப்பா கக்கூசு வரைக்கும்தான் போயிருக்காரு, நெஞ்சு தறி கெட்டு ஓடுது. நான் எந்த அப்பாவை நம்பறது?" பிறகு அவளே சொன்னாள்: "நீங்க பொய் எடை போட மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். எது சரியான கடிகாரம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் நம்பறேன். அதோட கணக்குப்படி முடிவு பண்ணிக்கலாம்."

பாவி மகள், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தாள்.

குமரேசன் துள்ளினான். "விடுங்க மாமா! நம்ம கடிகாரம்தான் சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லீருங்க. காலம் பூரா நாமக்கல்லுதான்." ஆறுமுகமும் ஒத்து ஊதினான். "ஆமாங்ண்ணா. உக்காந்த எடத்துலயே ராசிபுரம். இதுக்கு மேல என்ன வேணும்?"

காலிவண்டியார் எழுந்து போய் ஆறுமுகத்தின் லாரியிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இரண்டை உருவிக்கொண்டு வந்தார். நல்ல மணிக்கட்டு பருமன். மண்ணைத் தட்டிவிட்டு என் கடைப் பெஞ்சியில் வைத்தார். ஒன்றில் வெளிநாட்டுக் கடிகாரத்தைக் கட்டினார், இன்னொன்றில் உள்ளூர்க் கடிகாரத்தைக் கட்டினார்.

"என்னங் மாமா பண்றீங்க?"

"காலி வண்டி எடை."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். வெளிநாட்டுக் கடிகாரம் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று வெறுங்கோடு காட்டியது. உள்ளூர்க் கடிகாரம் பச்சை விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி, நிதானமாக, எழுபத்திரண்டு என்று காட்டியது.

"கிழங்குக்கு எழுவத்திரண்டு" என்றார் காலிவண்டியார்.

குமரேசன் சளைக்கவில்லை. "புதுக் கிழங்கு மாமா. இப்பத்தானே புடுங்கீட்டு வந்தாங்க. உசுரு இருக்குமுங்க."

அப்படியே ராத்திரி பூராவும் கிழங்கைக் கடிகாரத்தோடு அவர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். காலையில் பார்த்தால், கிழங்கு நன்றாக அயர்ந்து தூங்கியதாம். இடையில் ஒரே ஒரு தடவை விழித்ததாம். "நம்மளுக்கு இந்தக் கிழங்காட்டம் ஒரு நாள் தூக்கம் வந்தாப் போதும்டா சாமி" என்று பெருமூச்சு விட்டான் ஆறுமுகம். நானும் ஆவிக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

காலிவண்டியார் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பெஞ்சியில் வந்து உட்கார்ந்தார். தட்டில் வைத்த இட்லி ஆறிப் போயிற்று. "காலி மேடையில எடை காட்டற தராசை நான் ஒரு நாளும் வெச்சுக்கிட்டதில்லீங்க அம்மணி. மச்சானுக்குக்கூட ஒரு கிலோ கழிச்சுப் போட்டதில்ல. இப்ப என்ற உசுருக்கே பொய்த் தராசு வெச்சாத்தான் ஊர்ல இருக்கலாமுன்னு ஆயிப்போச்சு. நெசத்தைச் சொன்னாப் பனி வார்றதைப் பாத்துட்டு உக்காரோணும். நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு மனுசர் இப்படிக் கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா? பொய்யாக இருந்தால் என்ன, அந்தக் கிழங்குக் கடிகாரத்தையே கட்டிக்கொள்ளுங்கள் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வாய்க்கு வந்தபோது, "சட்னி வெக்கட்டுங்களா?" என்றுதான் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "வெய்யுங்க" என்றார்.

மறுநாள் காலையில் மேடை நடுவில் நின்று, போனை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு மேகலாவிடம் சொன்னார். "கண்ணு, ராசிபுரத்துக்கு நான் போகல. அது விசிறி போனது. நெஞ்சு எழுவத்திரண்டுன்னு நீ சந்தோசப்பட்டியே, கெழங்குக்கும் அதே எழுவத்திரண்டுதான். நீ அனுப்புனதுதான் சரியான எடை. அது காட்டறதுதான் உங்கப்பன். இப்ப டிக்கெட் போடறதுன்னாப் போடு."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. "ஒரு மாசம் தாரேன். நெசமா நடங்க. பாக்கலாம்."

அன்றைக்கே கடிகாரம் வலது கையிலிருந்து இடது கைக்கு மாறியது. "ஒறம்பரை ரெண்டு நாளைக்குத்தான் ஒறம்பரை. அப்புறம் ஊட்டு ஆளு" என்றார். அதற்கப்புறம் லாரியை அறைந்தாலும் அவர் விழவில்லை. மேகலா ராத்திரியில் தூங்கினாள். உள்ளூர்க் கடிகாரத்தைக் குமரேசன் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். கிழங்கை நான் வேகவைத்துத் தாளித்தேன்.

மொபெட் வீட்டில் நின்றது. காலையில் வீட்டிலிருந்து நடந்தே வந்தார். முதல் வாரம் மைல் கல்லுக்கு மைல் கல் உட்கார்ந்து வந்தார். அப்புறம் பஸ் நிறுத்தத்தில் மட்டும் உட்கார்ந்தார். மாத்திரையும் வேலை செய்தது. கணக்கு நாளுக்கு நாள் நன்றாக ஏறிக்கொண்டே போயிற்று. ஒரே ஒரு இடத்தில்தான் உதைத்தது.

"அப்பா, நடக்கும்போதுகூட நெஞ்சு நல்லா இருக்குது. ஆனா காலையில இட்லிக் கடையில உக்காந்ததும் குபுக்குனு ஏறுது. தினமும் அதே எடத்துல! உக்காந்தா எறங்கோணும், ஏறுதே. அதை என்னன்னு பாருங்க. இல்லாட்டி நான் டிக்கெட் போடறதுதான்."

ஓடினார் டாக்டரிடம். டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் இல்லை, அந்த நேரத்தில் காரமாக எதையாவது தின்கிறீர்களா என்று கேட்டாராம்.

பழி என் மிளகாய்ச் சட்னி மேல் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் ரோசம்தான். ஆனாலும் மறுநாள் மிளகாயைப் பாதியாகக் குறைத்தேன். ஏறியதாம். அடுத்த நாள் சட்னியே வைக்கவில்லை, நாட்டுச் சர்க்கரை வைத்தேன். அப்போதும் ஏறியதாம். இட்லியில் உளுந்து கூடிவிட்டதோ என்று அவரே அரை நாள் ஆராய்ச்சி பண்ணினார். கடைசியில் என் பக்கம் பார்க்காமல், இட்லிச் சட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்கு இட்லியும் வேண்டாமுங்க அம்மணி. சும்மா வந்து உக்காந்து பாத்துர்றேன். காலி வண்டி எடை போட்டுர்லாம்."

வந்தார். நடந்து வந்த மூச்சு அடங்குகிற வரைக்கும் மேடை ஓரம் நின்றுவிட்டு, அப்புறம்தான் பெஞ்சியில் உட்கார்ந்தார். தட்டு இல்லை, தண்ணீர்கூட இல்லை. லாரி எதுவும் வரவில்லை. அடுப்பில் முதல் ஈடு அப்போதுதான் வைத்திருந்தேன், மறைத்துக்கொள்ள ஆவியும் இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

எவ்வளவு காட்டியது என்று அவர் சொல்லவில்லை. எடையை வாய்விட்டுச் சொல்லாமல் அவர் விட்டது என் கண்ணுக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான்.

அன்று பொழுது சாயும் முன்னே மேகலாவிடமிருந்து போன் வந்ததாம். "டிக்கெட் போடலையாமுங்க. ஏன் சாமின்னு கேட்டா, சிரிக்கறாளே தவிர சொல்ல மாட்டேங்கறா" என்று பெஞ்சியைப் பார்த்துச் சொன்னார். நானும் சட்டியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து சட்னியில் மிளகாயைப் பழையபடியே போட்டுவிட்டேன். பழி அதன்மேலேயே இருக்கட்டும். என் கையில் கடிகாரம் எதுவும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.